பெயர் தெரியாத பால்

நிக்காஹ்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது சுபைறா மகள் ஹிமாயாவிடம் ஒரு செய்தியைப் போட்டு உடைத்தாள்.

"சுனாமி நேரம் எனக்குக் காய்ச்சல் மகள். ஸ்கூல் முகாமில ஆரோதான் உனக்குப் பால் குடுத்த. மாப்பிள்ள நிப்றாசுட உம்மாவும் அப்ப ஆசுபத்திரியிலயாம், மாப்பிள்ளயும் அதே முகாமிலயாம். ரெண்டு பேருக்கும் ஒரே பொம்புள குடுத்திருந்தா நீங்க பால்குடிச் சகோதரம். நிக்காஹ் ஹறாம், கூடவே கூடாது!"

கல்யாணக் கார்ட் அடித்த பிறகுதான் இந்த உம்மாமாருக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

புரோலாக் என்ற கணினி மொழியில் விதிகளாக எழுதப்படும் நிரல்களை ஓடவிடாமலே சோதிப்பதுதான் கம்பஸில் ஹிமாயாவின் கடைசி வருட ஆய்வு. ஆட்களின் பெயர் தேவையில்லை, அவர்கள் எந்தக் கூட்டம் என்று சொன்னால் போதும். என்னென்ன விடை வரக்கூடும் என்று தெரிந்துவிடும். வராது என்றால் ஒருநாளும் வராது. வரலாம் என்றால்தான் தலையிடி.

பால்குடி விதியை எழுதி, முகாம் பெண்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் போட்டாள். 'இருக்கலாம்' என்றது கணினி. சுபைறா ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

"இருக்கலாம் எண்டா இருக்கு எண்டு இல்ல உம்மா. நான் போட்ட கூட்டம் பெரிசு."

முகாமை நடத்திய மிஹ்லார் பழைய சாப்பாட்டு லிஸ்டை இன்னும் வைத்திருந்தார். குப்பையைக்கூட எறியாத புண்ணியவான். மூன்றாம் நாளே நிப்றாஸ் இருந்த கூட்டத்தைச் சம்மாந்துறைக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே அவனுடைய உம்மாவும் வந்து சேர்ந்துவிட்டார். ஹிமாயா முகாமுக்கு வந்ததோ நாலாம் நாள், புதுக் கூட்டத்தோடு. நாள்வாரியாகப் பிரித்துப் போட்டதும் இருநூறு பெண்களில் ஒருத்திதான் மிஞ்சினாள். இரண்டு கூட்டத்துக்கும் சமைத்த ஆசியா உம்மா.

தாயும் மகளும் ஆட்டோ பிடித்து அவர் இருக்கும் சாய்ந்தமருதுக்கு ஓடினார்கள். ஹிமாயாதான் விஷயத்தைச் சொல்லிக் கேட்டாள்.

"எனக்கிட்ட ஏது மகள் பால்?" என்றார் ஆசியா உம்மா. "எனக்குப் புள்ளயே பொறக்கல்லியே. அழுத புள்ளயளத் தூக்கி மத்தவங்கட மடியில போட்டதுதான் நான்."

ஹிமாயாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சுபைறா இறைவனுக்குச் சத்தமாகவே நன்றி சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆசியா உம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சொல்லு புள்ள, நல்லாச் சொல்லு. இதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன முதல் ஆள் நீதான்."