வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

1

இந்தக் கதை ஒரு வேனின் கடைசி சீட்டில் கிடைத்தது. நான் இரவு வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அலுவலகத்தில் எல்லாரையும் அருவிக்குக் கூட்டிப்போனார்கள். நான் இறங்கவில்லை. தூக்கம். கண் விழித்தபோது வேன் ஓட்டிவந்த டிரைவரக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருவி எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? வாராவாரம் வர்றேன். வண்டியைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமே."

அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'பச்சைப் பசேலென்ற காட்டின் நடுவே வெள்ளிச் சரிகைபோல…'

(அடித்துவிட்டேன். நான் பார்த்தது பார்க்கிங் மட்டும்.)

இரண்டாவது: டிரைவரக்காவுக்கு லீவு கிடைத்தது. சொந்தக் காரில், சொந்தப் புருஷனோடு, அதே அருவிக்குக் கிளம்பினாள்.*

இது ஓடும்.

பெட்ரோல் பங்கோ, டீக்கடையோ, எங்கே நிறுத்தினாலும் கிளம்பும்போது பின்னால் திரும்பித் தலை எண்ணினாள். வேன் பழக்கம். கூட வந்ததே ஒரே ஒரு புருஷன். "இருக்கேன்மா, ஓட்டு" என்றார் அவர். டீக்கடை வாசலில் எண்ணியபோது ஒரு தலை கூடுதலாக வந்தது. வெயில் கண்ணைக் கட்டுகிறது என்று விட்டுவிட்டாள்.

* நிஜத்தில் 'அவர்'. கதைக்குள் வந்துவிட்டதால் 'அவள்'. கோபித்துக்கொள்ள மாட்டார்.

3

புருஷன் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. தையல்காரர். பழைய கூடாரம் ஒன்றை வாங்கிக் கிழிசலெல்லாம் தைத்து, ஜன்னலுக்குக் காஜா எடுத்துப் பித்தான் வைத்திருந்தார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனால் கதைக்கு என்ன லாபம்? தூக்கிவிடலாம் என்று பார்த்தேன். தூக்கினால் கூடாரத்தை யார் சுமப்பது? பிழைத்துப்போனார்.

காட்டோரத்தில் தங்கினார்கள். கூடாரத்து வாசல் ஓடையைப் பார்த்து இருக்கட்டும் என்றார் அவர். காரைப் பார்த்துத்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். படுத்த பிறகும் பித்தானைக் கழற்றி வண்டி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"அதுக்கும் ஒரு கூடாரம் தைச்சிருக்கலாம்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

4

மறுநாள் காரைப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு ஏறினார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேரைப் பிடித்து, பாறையில் வழுக்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் கூடாரம் மூச்சு வாங்கியது. அருவிச் சத்தம் அவளுக்குப் பழகியதுதான். ஆனால் அது இப்படிக் கிட்டே வந்து அவள் கேட்டதில்லை. காலடியில் பாறை அதிர்ந்தது. (அதிருமா? தெரியாது. அதிரட்டும்.) பயணிகள் தலையோடு கொண்டுவந்து சீட்டை நனைப்பார்களே, அந்த ஈரம் இப்போது அவள் முகத்திலேயே பட்டது. சிரித்தாள். இன்னும் ஒரே ஒரு வளைவு.

கீழே கார் அலறியது. அவளுடைய கார்தான், அந்த ஊளை அவளுக்குத் தெரியும்.

(நான்தான் அலற வைத்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.)

அவள் நின்றுவிட்டாள். இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறுவதற்குள் பாதையை அடைத்துவிடுவார்கள். விடிந்தால் வேலை.

5

அவள் இறங்கிப் போகிறாள். எழுதினேன். கை கூசியது. கிழித்துவிட்டேன்.

புருஷன் போகிறார். அவரும் கூடாரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "நீங்க பாக்காம நான் மட்டும் பாத்துட்டு வந்து, யார்கிட்டங்க பேசறது?"

நானே போய்விடலாம். ஆனால் எழுதுகிற ஆளே இறங்கிப் போய்விட்டால் மேலே இவர்கள்…

அவள் பழக்கப்படி திரும்பித் தலை எண்ணினாள். புருஷன். அவருக்குப் பின்னால் இன்னொரு தலை. டீக்கடையிலிருந்தே கூட வருவது, ஒரு பையைக்கூடத் தூக்காதது, டீக்குக் காசு கொடுக்காதது. இதைப் படிக்கிற உங்களுடையது.

"சும்மாத்தானே வர்றீங்க" என்றாள். "கொஞ்சம் வண்டியைப் பாத்துக்கிறீங்களா?"

சாவியை வாங்கிக்கொண்டால் உங்களுக்கு அருவி கிடையாது. என்னைப்போலப் பார்க்கிங்தான்.

கார் அலறுகிறது. சாவியை நீட்டியபடி நிற்கிறாள்.