நாலு வலி

கொச்சிக்குப் போனால் ஆறு வாரம். விழிஞ்ஞத்தில் நாலே நாள். எங்கே படித்தாலும் கடைசியில் கையில் கொடுப்பது டைவர் சர்டிபிகேட் என்று ஒரு காகிதம்தான். விழிஞ்ஞம் துறைமுக வேலையில் கல் சுமந்து தோள் புண்ணாகிக் கிடந்த வேல்சாமிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திங்கட்கிழமை காண்டிராக்டர் ஆள் எடுக்கிறார். காகிதம் இருந்தால் கடலுக்கடியில் வேலை, இல்லாவிட்டால் மறுபடியும் கல்.

பெண்டாட்டி செண்பகவல்லிதான் மறித்தாள். "இஞ்சேருங்க, என் தம்பியையும் கூட்டிட்டுப் போறதுன்னா கொச்சிக்கே போங்க. அங்க மொத வாரம் தண்ணியவே காட்ட மாட்டாகளாம். எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் எறக்குவாகளாம்."

"கெணத்துலயே கெடந்து வளந்த பயலுக்குத் தண்ணியப் பத்தி வகுப்பு வேற எடுக்கணுமாக்கும்" என்று சிரித்தான் வேல்சாமி. நயினாருக்கு நான் பொறுப்பு என்று வாக்கும் கொடுத்துவிட்டு, மச்சினனை விழிஞ்ஞத்துக்கே கூட்டிப் போனான்.

மாஸ்டர் மலையாளத்துக்காரர். படகில் வைத்து நயினார் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டினார். இடுப்பில் ஈயக்கட்டிகளைச் சேர்த்து, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டுக் கட்டினார். அந்தக் கனத்தோடு தானாக மேலே வர முடியாது, மேலிருந்து இழுத்தால்தான் உண்டு. அவன் உடம்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வேல்சாமியிடம் கொடுத்து, பாடத்தை ஒரே மூச்சில் முடித்தார்.

"ஒரு வலி, சுகம். நாலு வலி, கயறு. மனசிலாயோ?"

"மனசிலாயி" என்றான் வேல்சாமி. இங்கே வலி என்றால் இழுப்பு. வந்த புதிதில் அதை நோவு என்று நினைத்து எல்லாருடைய சிரிப்புக்கும் ஆளானவனுக்கு இப்போது எல்லாம் அத்துப்படி. கயறு என்றால் கயிறுதான், அதைத்தானே ஊரிலும் சொல்கிறோம்.

நயினார் இறங்கினான். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வலி வந்தது, சுகம். மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த சிலிண்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.

பிறகு நாலு வலி. வேல்சாமி கயிற்றை விட்டுக் கொடுத்தான். மறுபடி நாலு, இந்தத் தடவை வேகமாக. இன்னும் விட்டான். ஆழம் பாக்கான் பய என்று பெருமையாகக்கூட இருந்தது. அடுத்து வந்ததை எண்ண முடியவில்லை, வெட்டி வெட்டி இழுத்தது. மிச்சக் கயிற்றையும் விட்டான்.

இழுப்பு நின்றது.

மாஸ்டர் திரும்பி, கயிறு சுருட்டி வைத்திருந்த பலகை வெறுமையாய்க் கிடந்ததைப் பார்த்தார். "எத்ர வலி வந்நு?"

"நாலு நாலாத்தான். கயறு கேட்டுட்டே இருக்கான்."

மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. கையை வானத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். "கயறுன்னா கயிறில்ல... மேல. மேல ஏறணும்னு."

இரண்டு பேரும் இழுத்தார்கள். விட்டுக்கொடுத்ததெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்து வேல்சாமியின் காலடியில் குவிந்தது. "ஒண்ணே ஒண்ணு இழு மாப்ளே" என்று தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினான்.

கனம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.