இலவசமாக வந்த பத்து பவுண்டு

ரொட்டித் தூள் பூசிய மீன் துண்டுகள் தொழிற்சாலை பெல்ட்டில் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. உடைந்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை, தூள் பிடிக்காமல் வெள்ளையாக இளித்தவை எல்லாவற்றையும் பொறுக்கித் தனித்தொட்டியில் போடுவது கிளெண்டாவின் வேலை. கையுறைக்குள் கையுறை போட்டிருந்தாலும் குளிர் விரல் நுனி வரை இறங்கிவிடும். எதிரே நின்ற ஷீனா கண்ணாலேயே கடிகாரத்தைக் காட்டினாள். இடைவேளை மணி அடித்தது. பெல்ட் ஒரு குலுக்கலோடு நின்றது.

கேன்டீனில் இருவரும் எப்போதும் போல ஜன்னலோர மேசைக்குப் போனார்கள். கிளெண்டா போனை எடுத்துத் திரையைத் தொட்டாள். அது அசையவில்லை. விறைத்த விரலை போன் விரலாகவே மதிக்காது.

"கப்பைப் பிடிச்சு சூடு பண்ணிக்கிட்டு அப்புறம் தொடுடி. தினமும் சொல்லணுமா உனக்கு?" என்றாள் ஷீனா.

"உனக்கென்ன, உடம்பெல்லாம் கொழுப்பு. எனக்கு எலும்புதான் இருக்கு."

"ரெண்டு குண்டுப் பொம்பளைங்க, எண்பத்தெட்டு!" என்று ஷீனா தன் இடுப்பைத் தட்டிக்கொண்டு ராகம் போட்டாள். பிங்கோ ஹாலில் டிக்கெட்டில் அடிக்க வேண்டிய எண்களை அப்படித்தான் கேலிப் பெயர் வைத்துக் கூவுவார்கள். அவர்கள் ஊரான கிரிம்ஸ்பியில் அந்த ஹால் மூடி, அங்கே சோபா விற்கும் கடை வந்துவிட்டது. இருபது வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எண் அடித்தவர்கள் இப்போது போனில் அடித்தார்கள். கூவுகிற ஆள் இல்லை. எண்கள் தாமாகவே வந்து தாமாகவே அழிந்தன. ஆட்டத்துக்குக் கீழே ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. வேல்ஸிலிருந்து ஒருத்தி நாய்க்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவாள், கிளாஸ்கோக்காரி மழையைத் திட்டுவாள். ஆட்டத்தைவிட அந்தப் பேச்சுக்காகவே கிளெண்டா உள்ளே போவாள்.

வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் ஐந்து பவுண்டு போடுவாள். இரண்டு பென்ஸ் டிக்கெட்டாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வாரத்தை ஓட்டுவாள். தீர்ந்துவிட்டால் அடுத்த வெள்ளி வரை பேச்சு மட்டும்தான். ஒரு தடவைகூட ஆறாவது பவுண்டு போட்டதில்லை. ஷீனா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்.

அன்று திரையில் பலூன்கள் பறந்தன. விசுவாசமான உறுப்பினருக்குப் பத்து பவுண்டு இலவசம் என்றிருந்தது.

"எடுத்துக்கடி," என்றாள் ஷீனா. "கிறிஸ்துமஸுக்கு ஒரு வான்கோழி கூடக் குடுக்காத முதலாளிகிட்ட வேலை பாக்குற. எவனோ சும்மா தர்றான், வேணாம்னா சொல்லுவ?"

கிளெண்டா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பத்து பவுண்டில் கொஞ்சம் பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எண்கள் வந்தன. ஒரு டிக்கெட்டில் ஒரே ஓர் எண் பாக்கி நின்றது. அடுத்து அதுவே வந்தது.

"ஹவுஸ்!" என்று, ஹாலில் எல்லா எண்ணும் அடித்து முடித்தவர் கூவுவது போல, கத்தினாள் ஷீனா. கேன்டீன் முழுவதும் திரும்பிப் பார்த்தது. திரையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பவுண்டு நின்றது.

பெல்ட் பெண்கள் எல்லாரும் வந்து கிளெண்டாவைக் கட்டிக்கொண்டார்கள். ஷீனாவும் அவளும் பெரிதாக எது விழுந்தாலும் பாதிப் பாதி என்று ஹால் காலத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். கிளெண்டா அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"வாயை மூடு," என்றாள் ஷீனா. "முதல்ல கென்னை மாடிக்கு ஏத்து."

கென், கிளெண்டாவின் கணவர். துறைமுகத்தில் படகிலிருந்து மீன் பெட்டி இறக்கியவர். நெஞ்சு போய்விட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு போன குளிர்காலத்திலிருந்து கீழறை சோபாவிலேயே படுக்கிறார். படுக்கையும் குளியலறையும் மாடியில். படுக்கையறை ஜன்னலிலிருந்து ஆறு கடலில் சேரும் இடமும் உள்ளே வரும் கப்பல்களும் தெரியும். படியோரத் தண்டவாளத்தில் ஓடி ஆளை மாடிக்கு ஏற்றும் மின்நாற்காலி வேண்டுமென்று நகராட்சியில் கேட்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து பார்த்தாள், தலையாட்டினாள், வரிசையில் இருக்கிறீர்கள் என்றாள். வரிசை நகரவில்லை.

பழைய மின்நாற்காலிகளை வாங்கி விற்கும் பேரி என்பவரின் நம்பரை கிளெண்டா வெகுநாளாக வைத்திருந்தாள். அன்று மாலையே கூப்பிட்டாள்.

"உங்க தெரு வழியாத்தான்மா நாளைக்கு வண்டி வருது," என்றார் பேரி. "நாற்காலியையும் தண்டவாளத்தையும் இறக்கி வச்சிடறேன். பணம் வந்ததும் சொல்லுங்க, வந்து மாட்டித் தர்றேன். அவசரமில்ல."

நாற்காலி வந்தது. பழுப்பு நிற மெத்தை, மடக்குகிற கைப்பிடி, காலுக்கு ஒரு தட்டு. படிக்கட்டின் அடியில் சுவரோரமாக அதை நிறுத்திவிட்டுப் போனார் பேரி. கென் சோபாவிலிருந்து மெல்ல நடந்து வந்து அதில் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் எழவே இல்லை. டீயும் டோஸ்ட்டும் அங்கேயே வந்தன.

"டிக்கெட் எடுத்தாச்சு. எப்போ புறப்படும் இந்த ரயிலு?" என்றார்.

"டிரைவர் இன்னும் வரல. சும்மா உட்காரு," என்றாள் கிளெண்டா. அன்று அவர் முகம் மழித்துக்கொண்டார்.

மறுநாள் பணத்தை வங்கிக்கு மாற்ற அழுத்தியபோது முடியாது என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். அதே பதில். உதவிப் பக்கத்தில் கேட்டாள். ஜேமி என்று பெயர் போட்ட யாரோ இதயப் படத்தோடு எழுதினார்கள். 'ஹாய் கிளெண்டா! வாழ்த்துகள்! இது இலவசப் பணத்தில் வென்றது. வென்றதைப் போல முப்பது மடங்கு தொகையைப் பந்தயம் கட்டி ஆடி முடித்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள். ஜாலியாக ஆடுங்கள்!'

அவள் அதை ஷீனாவிடம் காட்டினாள். ஷீனா இரண்டு தடவை படித்தாள்.

"முப்பது மடங்கா? அவ்வளவு பணத்தை நம்ம வம்சமே பாத்ததில்லையே."

"ரெண்டு பென்ஸ் டிக்கெட்டுல ஆடினா நான் செத்தப்புறமும் ஆடணும்."

"அப்போ சக்கரம் சுத்தறதுதான் வழி," என்றாள் ஷீனா. அதே இடத்தில் பழம் உருளும் சக்கர விளையாட்டுகளும் இருந்தன. கிளெண்டா அந்தப் பக்கம் போனதே இல்லை. அதில் ஓர் அழுத்தலுக்கு இரண்டு பவுண்டு. அந்தப் பணத்தில் நூறு டிக்கெட் வாங்கலாம். அவள் முதல் தடவை அழுத்தினாள்.

செர்ரி, மணி, எலுமிச்சை என்று உருண்டு நின்றது. ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தினாள்.

முதல் நாள் தொகை ஏறியது. ஆயிரத்தைத் தாண்டியதும் ஷீனா சத்தம் வராமல் மேசையைக் குத்தினாள். அடுத்த நாள் இறங்கத் தொடங்கியது. இடைவேளையில், பஸ் நிறுத்தத்தில், வீட்டுக் கழிவறையில் என்று கிளெண்டா அழுத்திக்கொண்டே இருந்தாள். கட்டை விரல் மரத்தால் ஷீனாவிடம் போனைக் கொடுப்பாள். பேச்சு அறைப் பக்கம் இருவரும் போகவில்லை. வேல்ஸ்காரியின் நாய் பிழைத்ததா என்றுகூடக் கிளெண்டா கேட்கவில்லை.

"நாந்தானேடி எடுத்துக்கன்னு சொன்னேன்," என்றாள் ஷீனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பச்சைப் பொத்தானை அழுத்தினது நான்."

"உனக்குப் பொத்தானே பிடிக்காது. நான்தான் அழுத்த வச்சேன்."

புதன்கிழமை, உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தொகை சில்லறையாகிவிட்டது. முடிக்க வேண்டிய தொகையில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. அதுவரை போன பணம் எல்லாம் வீணாகிவிடக்கூடாதே என்ற ஒரு நினைப்பு கிளெண்டாவைப் பிடித்து உலுக்கியது. பையில் வீட்டு வெந்நீருக்கும் சூட்டுக்கும் எரிவாயு மீட்டரில் முன்கூட்டியே ஏற்ற வைத்திருந்த இருபது பவுண்டு இருந்தது. ஷீனா முகம் கழுவப் போயிருந்தாள். கிளெண்டா எழுந்து வெளியே போய் முனைக் கடையில் அதைக் கட்டிப் போனில் ஏற்றிக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து அழுத்தினாள். தொப்பியை மாட்டிக்கொண்டு பெல்ட்டுக்குப் போகும் நேரத்துக்குள் அதுவும் போய்விட்டது. 'சிறப்பு உறுப்பினராகிவிட்டீர்கள்' என்று ஒரு தங்கக் கிரீடம் திரையில் சுழன்றது.

கென்னைச் சமையலறையில் நிறுத்தித் துடைத்துவிடுவது அவள் வேலை. மாடிக் குளியலறைக்குப் போக முடியாததால் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார், அவள் முதுகில் துணியால் தேய்ப்பாள். அன்று தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவர் முகம் அந்தப் பக்கம் இருந்ததால் சொல்ல முடிந்தது.

"கென். பணம் வராது."

துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி தேய்த்தாள்.

"சும்மா குடுத்த காசுல ஜெயிச்சதாம். திரும்பத் திரும்ப ஆடணுமாம். ஆடினேன். எல்லாம் போச்சு. மீட்டர் காசும் போட்டுட்டேன்."

"எவ்வளவு நாளா ஆடின?"

"வாரம் பூரா."

கென் மூச்சுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். அவருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே அப்படி ஓர் இடைவெளி வேண்டும். "கை வலிக்குதா?" என்று கேட்டார்.

கிளெண்டா துணியைத் தொட்டியில் போட்டுவிட்டு அவருடைய ஈர முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் அவளுக்காகக் குளிரைப் பொறுத்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை பேரி வந்தார். கிளெண்டா போனிலேயே சொல்லிவிட்டிருந்தாள். தவணையாகத் தருகிறேன் என்று கேட்டும் பார்த்திருந்தாள். அவரும் கடனுக்கு வாங்கித்தான் விற்கிறார். வாசலில் நின்று செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார், உள்ளே வர மனமில்லாதவர் போல.

"மன்னிச்சுக்கங்கண்ணே," என்றார் கென்னைப் பார்த்து. "ஸ்கன்தோர்ப்புல ஒரு அம்மா கேக்கறாங்க. இல்லன்னா இங்கயே விட்டிருப்பேன்."

"உன் மேல என்னப்பா இருக்கு."

பேரி முதலில் தண்டவாளத்தைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு வந்தார். திறந்திருந்த கதவு வழியாகக் காற்று நேராக உள்ளே அடித்தது. கென் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கிளெண்டா கை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, குழாய் மாட்டிக்கொள்ளாமல் விலக்கி, கொஞ்சங்கொஞ்சமாக எழுந்தார். எழுந்ததும் மூச்சு வாங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

பேரி குனிந்து நாற்காலியைப் பிடித்தார்.

"இருப்பா," என்றார் கென்.

மெத்தையின் மடிப்பில் டோஸ்ட் துகள் கிடந்தது. அதை விரலால் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கைப்பிடிக்குப் பக்கத்தில் டீ சிந்திய கறை ஒன்று வட்டமாக இருந்தது. சட்டைக் கையை இழுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு அதைத் துடைத்தார். போகவில்லை. துணி நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடி துடைத்தார். பேரி இரண்டு கையையும் நீட்டியபடி, அவர் முடிக்கட்டும் என்று நின்றார்.