ஊசியில் விட்ட பிசிறு

சால்வை ஊசி செய்யும் அக்காவின் பட்டறையிலிருந்து புறப்பட்ட நீல நூல், ஒரு தெருவையும் ஒரு ரயில் பாதையையும் ஒரு கடலையும் தாண்டி, ஒன்பது வருடம் அறுபடாமல் கிடந்தது. அதன் ஒரு முனை, கம்பியை இறுக்கிப் பிடிக்க அவள் மேசையில் பொருத்தியிருந்த இரும்புப் பிடிப்பின் கைப்பிடியில் சுற்றியிருந்தது. மறுமுனையில் அவள் தங்கை இருந்தாள். இதில் மறைக்க ஒன்றுமில்லை, தெருவே பார்த்தது.

இருவரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் தொழிலும் சேர்ந்தே நடந்தது. தங்கை கம்பளி நூலில் சால்வை பின்னுவாள். அது தோளிலிருந்து நழுவாமல் குத்திக்கொள்ள அக்கா ஊசி செய்வாள். பித்தளைக் கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு தலையைச் சுத்தியலால் தட்டி இலைபோல் அகட்டி, மறுதலையை அரத்தால் தேய்த்துக் கூராக்குவாள். ரொம்பக் கூர்மையும் ஆகாது. இழையைக் குத்தாமல் இரண்டு இழைக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு போக வேண்டும். கடைசியில் ஒரு கம்பளித் துண்டில் மூன்று தரம் செருகி எடுப்பாள். எங்காவது பிசிறு இருந்தால் கம்பளி காட்டிக் கொடுத்துவிடும். பின்னுகிற பெண்கள் நாலு ஊர் தள்ளியிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள். இருபத்திரண்டு வருடத்தில் தன் ஊசி ஒரு சால்வையைக்கூடக் கெடுத்ததில்லை என்று அக்கா ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது சொல்லிவிடுவாள். கேட்கத் தங்கை இருந்தாள்.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். தங்கைக்குக் குளிர்நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. நீயும் வா, அங்கேயும் கம்பி கிடைக்கும் என்று ஒரு மாதம் கெஞ்சினாள். பட்டறையை யார் பார்ப்பது என்றாள் அக்கா. புறப்படும் காலையில் பேச்சு தடித்துவிட்டது.

"நான் போயிட்டா உன்கிட்ட பேச ஒரு ஆள் கிடையாதுக்கா. யோசிச்சுக்கோ."

"எனக்கு என் ஊசிங்க இருக்கு. நீ கிளம்பு," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

மேசையில் தங்கைக்கென்றே செய்த ஊசி இருந்தது. கோபத்தில் அக்கா அதை மட்டும் கம்பளித் துண்டில் செருகிப் பார்க்கவில்லை. தங்கை அதே கோபத்தில் அதை எடுத்துச் சால்வையில் குத்திக்கொண்டாள். பிசிறு ஓர் இழையை அறுத்தது. அறுந்த முனை பிடிப்பின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததால் இருவருக்குமே தெரியவில்லை. ரயில் போய் ஒரு மணி நேரம் கழித்து அக்கா நிமிர்ந்தபோது, நூல் விறைப்பாக வாசலைத் தாண்டிப் போயிருந்தது, லேசாக நடுங்கிக்கொண்டு.

அந்தச் சால்வைக்கு ஆறு உருண்டை நூல்தான் ஆகியிருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் அது தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஒரு வாரத்தில், நூல் துறைமுகத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. நூல்கடைக்காரர் வந்து அதை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"உங்க தங்கச்சி அவுற அவுறப் புது நூல் போட்டுத் திரும்பப் பின்னிக்கிட்டே இருக்குதும்மா. இல்லன்னா இவ்வளவு தூரம் போகாது."

தெரு பழகிக்கொண்டது. தபால்காரர் தாண்டிப் போனார். கேட்காரர் ரயில் வரும்போதெல்லாம் ஒரு கழியால் நூலைத் தூக்கிப் பிடித்தார். நகராட்சி 'நூலை மிதிக்காதீர்' என்று ஒரு பலகை வைத்தது. அதற்குப் பிறகுதான் ஒன்றிரண்டு பேர் மிதித்தார்கள். மழையில் சாயம் போகவில்லை, வெயிலில் இற்றுப்போகவில்லை.

இருவரும் கடிதம் போட்டுக்கொள்ளவில்லை. வீம்பில் இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆனால் தங்கையின் நாள் முழுவதும் அக்காவுக்குத் தெரிந்தது. அங்கே அவள் வேலைக்கு நடந்தால் இங்கே கைப்பிடி கிடுகிடுவென்று ஆடும். திரும்பி வந்தால் நூல் தொய்யும். ஞாயிற்றுக்கிழமைகளில் அசைவே இருக்காது என்பதால் அக்காவுக்கு ஞாயிறு பிடிக்காமல் போயிற்று. ஒரு வருடத்தில் தொடர்ந்து பதினோரு நாள் நூல் ஆடவே இல்லை. அந்தப் பதினோரு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள் கைப்பிடி மெல்ல ஆடியபோது, காய்ச்சல்தான், வேறொன்றுமில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். குரல் கரகரத்தது, பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. வாங்க வருகிறவர்கள் ஊசியைப் பற்றித்தான் பேசினார்கள். தங்கையின் நாற்காலியில் கம்பிச் சுருள்கள் ஏறிக்கொண்டன. நூலை ஒரு தரமாவது இழுத்துப் பார்க்க அவளுக்கு ஆசைதான். ஆனால் இங்கே இழுத்தால் அங்கே தோளிலிருந்து ஒரு வரிசை உருவிக்கொண்டு போகும், அதுவும் குளிரில். அதனால் தொடவில்லை.

ஒன்பதாம் வருடம் அவளை ஒரே நினைப்பு அரித்தது. தன் கைப்பிழையால் ஒருத்தி தினமும் வேலை முடிந்து வந்து, உட்கார்ந்து, அவிழ்ந்ததையே பின்னிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேறு வாழ்க்கையே இருக்காது. தொழில்காரியின் கண்ணுக்குத் தன் பிசிறைத் தவிர வேறெதுவும் படவில்லை. அறுத்து விட்டுவிடப் போகிறேன் என்று நூல்கடைக்காரரிடம் சொன்னாள்.

"அதுக்கப்புறம் நீங்க தனியா என்னம்மா பண்ணுவீங்க?"

"ஊசி செய்வேன்."

காலை பத்து மணிக்குக் கம்பி வெட்டும் குறட்டால் அறுத்தாள். முனை தரையில் விழுந்து, வாசற்படியில் சற்று நின்று, பிறகு ஆள் நடக்கிற வேகத்தில் தெருவில் போனது. லாரிகள் நின்று வழிவிட்டன. கேட்காரர் கழியைக் கீழே வைத்தார். சாயங்காலத்துக்குள் நூல் ஊரைவிட்டுப் போய்விட்டது.

அடுத்த நாற்பத்து மூன்று நாளும் அவள் ஊசி செய்தாள். ஒவ்வொன்றையும் முப்பது தரம் கம்பளியில் செருகிப் பார்த்தாள். கைப்பிடி ஆடவில்லை. தங்கை எழுந்தாளா, நடந்தாளா, உடம்புக்கு ஏதாவதா என்று எதுவும் தெரியவில்லை. தங்கை போன நாளில் அழாத அக்கா இப்போது அழுதாள்.

நாற்பத்து நாலாம் நாள் தபால்காரர் ஒரு கடிதத்தோடு வந்தார். உறைக்குள் நூலின் முனை இருந்தது. மீதி உறையிலிருந்து வெளியேறி, அவர் பையைத் தாண்டி, தெருக்கோடி தாண்டி, ரயில் பாதையோடு போயிருந்தது. சைக்கிள் சக்கரத்தில் மூன்று தரம் சுற்றிக்கொண்டதாகக் குறைப்பட்டார். கடிதத்தில் நாலு வரிதான் இருந்தது.

'அக்கா, பிசிறு இருக்கறது எனக்கு ரயில்லயே தெரியும். கத்தரிக்கோல் அப்பவே என் பையில இருந்துச்சு, இப்பவும் இருக்கு. நீ எதுக்கு அறுத்த? ஒழுங்கா முடிச்சுப் போடு, எனக்கு நாளைக்குக் காலை ஷிப்டு.'

அக்கா அதைப் படித்து முடித்து, நின்றபடியே இன்னொரு தரம் படித்தாள். பிறகு முனையைக் கைப்பிடியில் இரட்டை முடிச்சாகப் போட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் தரமாக நூலைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழு வந்தது, மேசையே நகரும்படி.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நூலைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.