ரோசாந்தாவுக்கு வெடிக்காத துப்பாக்கி

...சுற்றவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் குண்டு உருளை மயிரிழை அசைந்து அங்கேயே நின்றுகொள்கிறது, துருவா, துருவென்றால் இத்தனை மண்ணெண்ணெய்க்கு இளகியிருக்குமே, உள்ளே வில் முறிந்ததா, முறிந்திருந்தால் தோட்டாவை அடிக்கும் சுத்தி இப்படி முழுசாகப் பின்னால் வருமா, என்று தனக்குத்தானே கேட்டபடி ரோசாந்தா அப்பாவின் ரிவால்வரைக் குழல் சுவரைப் பார்க்கும்படி சமையல் மேசையில் திருப்பி வைத்தாள். ஆயுசு முழுக்கப் பின்னலாடை ஆலையில் தையல் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிய கை, ஒரு இயந்திரம் நின்றால் முதலில் கோபப்படாதே, எங்கே உரசுகிறது என்று பார், எங்கே உரசுகிறாய் நீ, சொல்லேன்... காலையில்தான் போட்கோரிட்சா நகரத்திலிருந்து தம்பி மகன் வுகோட்டா தொலைபேசியில் பேசினான், அத்தை, பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வானத்தப் பாத்து வெடி சுட்டியாடா? பொண்ணுக்கு யாரு அத்தை சுடுவா? அப்போ நான் சுடுறேன். அந்தத் துப்பாக்கியாலயா, அது உனக்கே வாயத் தொறக்கலையே! என்று சிரித்தான், அப்படியே பிளாஜோவின் சிரிப்பு, தம்பி மண்ணுக்குள் போயும் அவன் சிரிப்பு போகவில்லை.

அக்கா, நீ பொண்ணுன்னு துப்பாக்கிக்கே தெரிஞ்சுபோச்சு! விருந்துக்கு விருந்து பிளாஜோ சொல்லாமல் விட்டதில்லை, மேசை முழுக்கச் சிரிக்கும், அம்மா எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு போவாள், அப்பா தன் முன்னால் இருக்கும் ரக்கியாச் சாராயத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கதை ஊருக்கே மனப்பாடம். அவள் பிறக்கப்போகிற அன்று அப்பா துப்பாக்கியைத் துடைத்துப் புதுசாக ஐந்து தோட்டாவும் போட்டுக்கொண்டு மேல் பட்டிக்குப் போய் ஆடுகளோடு காத்திருந்தார், ஆணென்றால் ஐந்தும் வெடிக்கும், பெண்ணென்றால் ஒன்றுமில்லை, பனிக்காற்றில் யாரோ கீழேயிருந்து கத்திச் சேதி சொன்னார்கள், இறங்கி வந்தவர் சொன்னது ஒன்றே ஒன்று, துப்பாக்கி சிக்கிக்கிச்சு, உருளை திரும்பல. அவ்வளவுதான். அதற்கப்புறம் அது சுவரில் ஏறியது, இறங்கவில்லை. பிளாஜோ பிறந்தபோது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிச் சுட்டார். அப்பா செத்து அவரைக் கிடத்தியிருந்தபோது, ஒப்பாரி வைப்பது மகள் முறை, ரோசாந்தா மார்பில் அறைந்துகொண்டு கட்டிப் பாடினாள், எனக்கு மட்டும் உங்க துப்பாக்கி ஊமையாச்சே அப்பா, ஒரு வெடிக்குக் கூடவா நான் ஆகாமப் போனேன், என்று... பெண்கள் விம்மினார்கள், ஆண்கள் தலையைக் குனிந்தார்கள், இப்படிக் கேட்டவ இந்தப் பள்ளத்தாக்குலயே கிடையாது என்று இன்றைக்கும் பேச்சு.

சரி, உருளையின் நடு ஊசியை உருவு, வந்துவிட்டது, இனி பக்கவாட்டில் தள்ளு, வராதா, மரச்சுத்தியால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, பொதுக்கென்று மடியில் விழுந்தது. நாலு தோட்டா முழுசு. ஐந்தாவதில் ஈயம் இல்லை. வெறும் கூடு, உள்ளே கரி. அடியிலிருக்கும் பித்தளைப் பொட்டு வெடித்த வேகத்தில் பின்னால் பிதுங்கி வந்து இரும்பில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது, உரசினது இதுதான், பொட்டின் நடுவில் சுத்தி விழுந்த குழி... வெடித்திருக்கிறது. வெடித்த பிறகுதான் சிக்கியிருக்கிறது. உருளை திரும்பல என்றார், அது பொய்யில்லை, வெடிக்கவில்லை என்று அவர் சொன்னதே இல்லையே, நாங்களாகத்தான்... அப்படியானால் சேதி வருவதற்கு முன்னாலேயே பொறுக்காமல் சுட்டாரா, ஆணென்று நினைத்தா, இல்லை, பெண்ணென்று கேட்ட பிறகா, அந்தப் பனியில், ஆடுகளைத் தவிர யாருமில்லாத இடத்தில்...

மதிலுக்கு அப்பாலிருந்து மிலேவா, "ஏ ரோசாந்தா, என்னத்தப் போட்டுத் தட்டுற? ஒங்க வீட்ல கொழந்தையாமே, ஆணா?"

"பொண்ணு."

"சரி விடு, ஒடம்பு நல்லா இருந்தாப் போதும். அடுத்தது ஆணாப் பொறந்துட்டுப் போகுது!"

வெறும் கூட்டை உருவி எடுத்தாள். உருளையைத் திரும்பப் பூட்டினாள், விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது, இரண்டு தட்டு, இவ்வளவுதானா, கதிரடிக்கும் இயந்திரத்தையே பிரித்துப் பூட்டியவருக்கு, ஊரில் எந்தப் பூட்டு சிக்கினாலும் கூப்பிடப்பட்ட அப்பாவுக்கு, இந்த இரண்டு தட்டு தெரியாமலா சுவரில் மாட்டினார், மகனுக்காகக் கூட இந்தக் கூட்டை எடுத்து எறிய மனசு வராமல் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாரா, நான் மார்பில் அறைந்துகொண்டு கேட்டபோது இது சுவரில்தானே இருந்தது, உள்ளே இந்தக் கூட்டோடு... உள்ளங்கையில் அந்த வெறும் கூடு சூடேறிக்கொண்டு வந்தது, அவளுடைய சூடுதான், வேறென்ன.