மிளகைப் பற்றி டாக்டர் சொல்வார்

திருத்தணியில் கூட்டம் போடுவது பெரிய காரியமில்லை. பேச வந்தவரைப் பேசவிடுவதுதான் பெரிய காரியம். மலையடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் அறிஞர் பேச்சு மன்றத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வானத்தைப் பற்றிப் பேச ஒருவர், கல்வெட்டைப் பற்றிப் பேச ஒருவர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, ஆளாளுக்கு ஒரு பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. பாவம், அந்த மனுஷர் மைக்கைத் தொடும்போது பின்கட்டில் அடுத்த விசேஷத்துக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

டெபோரா டீச்சருக்கு இந்தக் கூத்தெல்லாம் அத்துப்படி. அப்படியிருந்தும் மன்றச் செயலாளர் சிவப்பிரகாசத்தின் வீட்டுக்கு நாலு நடை நடந்து, பாம்புக்கடி வைத்தியத்தில் பேர்போன டாக்டர் இளம்பரிதியைச் சென்னையிலிருந்து கூப்பிட வைத்தாள்.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஊரான கே.ஜி.கண்டிகையில் ஒரு ராத்திரி அவள் புருஷன் நேசகுமாரைக் கட்டுவிரியன் கடித்தது. வீக்கமில்லை, பெரிய வலியுமில்லை. விஷக்கடிக்கு மந்திரித்துப் பாடம் போடுகிறவர் வந்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி நாலு மிளகைக் கொடுத்து மெல்லச் சொன்னார். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தமாம். காரம் தெரிந்தது. அப்பாடா என்று எல்லோரும் கலைந்தார்கள். விடிகாலையில் அவரால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. மறுபடியும் மிளகு கொடுத்தார்கள். உறைப்பே தெரியவில்லை என்றார். அதற்கப்புறம் வண்டி பிடித்து என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

அந்த மிளகைத் தெருவை விட்டு விரட்ட வேண்டும். டெபோராவுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். தானே சொல்லிப் பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்த ஆற்றாமையில் பேசுகிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆகவே ஒரு டாக்டர் வாயால், மைக்கில், ஒரே ஒரு வார்த்தை வரவேண்டும்: காரம் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். ஆட்டோ வைத்து நாற்பது பெண்களை அழைத்து வந்தாள். அடுத்த வீட்டு எல்லம்மாளும், அரக்கோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் அவள் மகள் அம்முவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டருக்கு ஆறு மணி ரயில். நாலு மணிக் கூட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்கியது. தலைமையுரைக்காரர் தன் பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஆரம்பித்தார். டெபோரா கடிகாரத்தைப் பார்ப்பதும் பல்லைக் கடிப்பதுமாக இருந்தாள். 'இவங்க வாயில மண்ணு விழ' என்று மனசுக்குள் திட்டினாள், அப்புறம் கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். ஐந்து இருபதுக்குச் சிவப்பிரகாசம் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, இரண்டு நிமிஷத்தில் டாக்டரை அறிமுகப்படுத்தச் சொன்னார்.

இரண்டு நிமிஷம்தான் பேச நினைத்தாள். சத்தியமாக. ஆனால் மைக்கைப் பிடித்ததும் மண்டபமே வாயை மூடிக்கொண்டது. இரண்டு வருஷத்தில் அவள் பேச்சை யாரும் முழுசாகக் கேட்டதில்லை, இன்றைக்குக் கேட்டார்கள். நேசகுமார் சிரிக்கிற விதம், சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சீப்பு, கடைசியாகக் கழற்றிப் போட்ட செருப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தாலி அறுத்தவளைப் பார்த்துப் போதும் உட்காரம்மா என்று யார் சொல்வார்கள்? மணி அடிக்க வேண்டிய சிவப்பிரகாசமே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலைல மிளகு குடுத்தாங்க. உறைப்பே தெரியல டெபோரான்னாரு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல் மிளகு காரமாக இருந்ததை அவள் சொல்லவேயில்லை. "மிளகைப் பத்தி டாக்டர் சொல்லுவாரு" என்று முடித்து உட்கார்ந்தாள். பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

டாக்டர் எழுந்தார். மேடையில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் 'அவர்களே' போட்டாக வேண்டும், ஒருவரை விட்டாலும் ஊரில் பகை. பாம்பு விவசாயியின் நண்பன் என்று தொடங்கி, எலி தின்பதைச் சொல்லி, கடிக்கு வரும்போது ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வந்த காரோட்டி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். மீதியை இன்னொரு முறை விரிவாகப் பேசலாம் என்று கும்பிட்டார். பொன்னாடை, கைத்தட்டல். கிளம்பிவிட்டார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் பெண்கள் டீச்சர் பேச்சுதான் பேச்சு என்றார்கள். அம்மு அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மறைப்பானேன், டெபோராவுக்கு அது இதமாகத்தான் இருந்தது. மிளகு விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் போயிற்று. ஆர்.கே.பேட்டையில் தம்பி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால், தெருமுனையில் ஷாமியானா. எல்லம்மாள் வீட்டு வாசலில் அம்முவைக் கிடத்தியிருந்தார்கள். முந்தின ராத்திரி தரையில் படுத்திருந்தவளைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது.

டெபோராவைப் பார்த்ததும் எல்லம்மாள் அழுகையை நிறுத்தினாள். கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

"நீங்க அன்னிக்கு மைக்குல சொன்னீங்களே டீச்சர், உங்க வீட்டுக்காரருக்கு உறைப்பே தெரியலன்னு. அதை நெனப்பு வெச்சிகினுதான் நாங்களும் மொதல்ல மிளகு குடுத்தோம். எம் பொண்ணு நல்லா காரமா கீதுன்னா. தண்ணி கூட வாங்கிக் குடிச்சா. டீச்சர் சொன்ன மாதிரி இல்ல, வெஷம் ஏறலன்னு படுக்க வெச்சோம்."

டெபோரா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எல்லம்மாள் அவள் முகவாயைத் தொட்டுத் திருப்பினாள்.

"நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமா டீச்சர்?"

சுற்றிலும் அதே நாற்பது பெண்கள். அன்று மண்டபத்தில் இருந்த அதே அமைதி. மைக் இல்லை, பொன்னாடை இல்லை, யாருக்கும் ரயில் பிடிக்கும் அவசரமும் இல்லை. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் எல்லம்மாள் தன் கையாலேயே மகளைக் கொன்றவளாகிவிடுவாள். டெபோரா அவள் கண்ணைப் பார்த்தாள்.

"இல்லக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள்.

"ஆங், டீச்சரே சொல்றாங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.