இமாம் மயங்கிய கத்திரிக்காய்

ரியாஸ் காஞ்சிபுரத்தில் துருக்கி ஹோட்டல் திறந்த இரண்டாவது வாரத்தில் குப்புசாமி எலுமிச்சை சென்ட்டைக் குடித்துவிட்டார்.

குற்றம் யாருடையது என்று சொல்வது கஷ்டம். ரியாஸ் பல வருடம் சென்னையில், நுங்கம்பாக்கத்துத் துருக்கி ரெஸ்டாரண்ட் ஒன்றில் வேலை பார்த்தவன். அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்த துருக்கிக்காரரை எல்லோரும் உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். சமைப்பது பாதி வேலை, உபசரிப்பது மீதி வேலை என்பது உஸ்தாவின் கட்சி. விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் அவர் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனை சென்ட் ஊற்ற வேண்டும். காபி வைப்பதற்கு முன்னால் தண்ணீர் வைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும் 'ஆஃபியத் ஓல்சுன்' என்று வாழ்த்த வேண்டும். சென்னை ஆட்கள் கையை நீட்டி, முகர்ந்து, போனில் படம் பிடித்துக்கொள்வார்கள். காஞ்சிபுரத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று ரியாஸ் நம்பியிருந்தான்.

குப்புசாமி பிள்ளையார்பாளையத்து நெசவாளர். வீட்டில் சுத்த சைவம். நெய்து முடித்த சேலையைக் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் கொடுத்துவிட்டு மனைவி தில்லையம்மாளோடு திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. கடைக்குப் பின்பக்கச் சந்தில் ஒதுங்க இடம் தேடினார். 'துருக்கி காபி' என்ற போர்டு கண்ணில் பட்டது. முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவது சொல்லை நம்பி உள்ளே நுழைந்தார்.

ரியாஸ் பளபளக்கும் பாட்டிலோடு வந்து பணிவாகக் குனிந்தான். குப்புசாமி அவனைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றினார். வலது கையைக் குழித்து, முழங்கையை இடது கையால் தாங்கி நீட்டினார். ரியாஸ் ஊற்றிய மறுநொடி அது வாய்க்குள் போய்விட்டது.

"ஐயோ, ஐயா! குடிக்கக்கூடாது! கையில தடவிக்கிறது அது!"

குப்புசாமியின் கண்ணில் தண்ணீர் வந்தது. கையில் மிச்சமிருந்த ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டு, "எந்தக் கோயில் தீர்த்தம்பா இது? தொண்டையெல்லாம் எரியுது" என்றார்.

தில்லையம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கல்லாவில் இருந்த ரியாஸின் மனைவி நாஸியாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் குப்புசாமி எழுந்து மழையிலேயே போயிருப்பார். போகவில்லை. தோற்றுப்போனவர் மாதிரி எழுந்து போக மனமில்லாமல் இரண்டு காபி சொன்னார்.

காபி சொப்புச் சாமான் அளவில் வந்தது.

"இன்னா பாய், இது சாம்பிளா?"

"இதான் காபிங்க ஐயா. அடியில கசடு நிக்கும். அதை வுட்டுட்டு மேலால குடிக்கணும்."

குப்புசாமி எதையும் விடுகிற ஆள் இல்லை. கசடையும் ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டார். தில்லையம்மாள் முகம் சுளித்துக்கொண்டே குடித்து முடித்து, குடித்த பாத்திரத்தைக் கவிழ்க்கிற பழக்கத்தில் கோப்பையைச் சாஸர் மேல் குப்புறக் கவிழ்த்தாள்.

அப்போது ரியாஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"துருக்கியிலயும் பொம்பளைங்க இப்படித்தாம்மா கவுத்து வெப்பாங்க. அப்புறம் நிமித்தி, கசடு வழிஞ்சதுல இன்னா உருவம் தெரியுதுன்னு பார்த்து, வரப்போறதைப் பத்திப் பேசிக்கினு இருப்பாங்க" என்றான்.

தில்லையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாரு."

"அதெல்லாம் சும்மா பொழுதுபோக்கும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு நடக்கப்போறது அல்லாவுக்குத்தான் தெரியும்."

"நாளைக்கு நடக்கிறதை அவரையே கேட்டுக்கறேன். இதுல இன்னா உருவம்னு மட்டும் நீ சொல்லு."

ரியாஸ் பார்த்தான். "பறவை மாதிரி இருக்குதும்மா."

மறுநாள் காலை கத்தாரிலிருந்து தில்லையம்மாளின் மருமகன் உதயகுமார் போன் செய்தான். மூன்று வருடமாகக் கிடைக்காத லீவு கிடைத்துவிட்டதாம், அடுத்த மாதம் வருகிறானாம். தில்லையம்மாளுக்குப் புல்லரித்தது. பறவை என்றால் ஏரோப்ளேன் என்பது புரியாதவர்களுக்கு என்னத்தைச் சொல்வது? மத்தியானத்துக்குள் தெருவில் தறி ஓடிய வீடுகளுக்கெல்லாம் விஷயம் போய்விட்டது.

அந்த வாரமே ரியாஸின் ஹோட்டல் நிரம்ப ஆரம்பித்தது. பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லிப் பட்டுக்கடைக்காரர்கள் வந்தார்கள். கடைக்காரர்கள் சொல்லி, வெளியூரிலிருந்து வேன் பிடித்துக் கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பங்கள், முகூர்த்தச் சேலைக்கு அரக்கா மாம்பழ மஞ்சளா என்று கேட்க மொத்தமாக வந்து இறங்கின.

"எனக்குத் தெரியாதும்மா" என்று ரியாஸ் எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னான். அதுதான் வினையாகப் போயிற்று. தெரியும் என்று சொல்கிற ஜோசியர்களை அந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. தெரியாது என்று கும்பிடு போடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறது.

"எவ்ளோ அடக்கம் பாரு" என்றார்கள்.

செவிலிமேட்டிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் அதையே சொன்னபோது அவள் முகம் வெளிறிவிட்டது. "சொல்ல முடியாத அளவுக்கு மோசமா இருக்குதாப்பா?" என்று கேட்டு அழவே தொடங்கினாள். பதறிப்போன ரியாஸ் கோப்பையில் மரம் தெரிகிறது என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் இருந்த முருங்கை மரத்தை வெட்டும் யோசனையைக் கைவிட்டுவிட்டுப் போனாள்.

இதில் ரியாஸுக்குத் தாங்க முடியாத விஷயம் வேறு. ஒருவரும் சாப்பிடவில்லை. மசூர் பருப்பை அரைத்து எலுமிச்சை பிழிந்து அவன் உயிரைக் கொடுத்துச் செய்த சூப்பைப் பார்த்து, "ரசத்தை ஏன் இவ்ளோ கெட்டியா வெச்சிட்டீங்க?" என்று கேட்டார்கள். கபாபுக்கு சால்னா இல்லை என்றதும் எழுந்து போனார்கள். கம்பியில் கோத்த கறி, பார்க்க ஆளில்லாமல் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சொப்புக் காபி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"உஸ்தா கிட்ட இத்தனை வருஷம் அடுப்புல வெந்தேன். எதுக்கு? கசடு பாக்கவா?" என்றான் நாஸியாவிடம்.

"கசடாவது போவுதேன்னு சந்தோஷப்படு" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்த ரியாஸின் அப்பா லியாகத் அலியை யாரோ நிறுத்தி, "உங்க பையன் ஜோசியம் சொல்றானாமே" என்று கேட்டார். லியாகத் அலி அத்தர் கடை வைத்திருப்பவர், பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று ஹோட்டலுக்கே வந்து அவர் போட்ட சத்தம் சந்து முழுவதும் கேட்டது.

"தோபா, தோபா! இது ஹோட்டலா, குறி சொல்ற இடமாடா? நம்ம வூட்ல எவனாச்சும் இந்த வேலை பண்ணியிருக்கானா?"

"அப்பா, நான் ஒண்ணுமே சொல்றதில்லப்பா. மரம்னா மரம்னு சொல்றேன். மீதியை அவங்களே சொல்லிக்கிறாங்க."

"நாளையிலேர்ந்து இங்க காபி இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

ரியாஸ் கீழ்ப்படிந்தான். காபியை நிறுத்தி, போர்டில் அந்த வரிமேல் காகிதம் ஒட்டினான். மறுநாள் காலை தில்லையம்மாள் தலைமையில் பெண்கள் பிளாஸ்க்கோடு வந்தார்கள். வீட்டிலிருந்து பில்டர் காபி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். டம்ளரில் ஊற்றிக் குடித்து, டபராவில் வரிசையாகக் கவிழ்த்தார்கள். தில்லையம்மாள் தன் டம்ளரை நிமிர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டிகாஷன்ல ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுப்பா. உன் தூளை ஒரு கரண்டி போடேன்."

ரியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு வேறு வழியில்லாமல் அடுப்பில் காபிப் பாத்திரத்தை வைத்தான்.

அன்று கூட்டத்தில் அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குத் தில்லையம்மாளின் கோப்பை மறுபடி அவன் கைக்கு வந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே பார்த்தான். வேறு எதுவும் தெரியவில்லை, சத்தியமாக அது மட்டும்தான் தெரிந்தது.

"கத்திரிக்கா" என்றான்.

"கத்திரிக்காயா?"

"ஆமாம்மா. வயித்தைக் கீறி, உள்ளே வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாம் வதக்கி வெச்சி, எண்ணெயில மெதுவா வெந்த கத்திரிக்கா. வாயில வெச்சா கரையிற மாதிரி…"

சொல்லச் சொல்ல அவனுக்கே எச்சில் ஊறியது. தில்லையம்மாளுக்கும் ஊறியது.

"அது எங்க கிடைக்கும்?"

"உள்ளேதாம்மா இருக்குது. கறி, மீன் எதுவும் சேராது. உங்களுக்கும் ஆகும்."

"கோப்பையிலயே வந்துட்டப்புறம் சாப்பிடாம போனா நல்லா இருக்குமா? கொண்டாப்பா."

சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். குப்புசாமிக்கு ஒன்று கட்டித் தரச் சொன்னாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து மேஜைக்காரி தன் கோப்பையை நீட்டினாள். ரியாஸ் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பருப்பு சூப்" என்றான்.

அதன்பின் அவனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. எல்லோர் கோப்பையிலும் சாப்பாடே தெரிந்தது. அசைவக்காரர்களுக்குக் கபாப் தெரிந்தது. கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பெரிய தட்டுகளாகத் தெரிந்தது. பரீட்சை ரிசல்ட் கேட்க வந்த காலேஜ் பெண் அபிநயாவுக்கு பிஸ்தா வைத்த பக்லவா தெரிந்தது. அவள் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு ரிசல்ட்டை மறந்து போனாள். கம்பியில் சுற்றிய கறி மாலைக்குள் வெறும் கம்பியானது.

கத்திரிக்காய்க்குத்தான் மவுசு அதிகம். அதன் பேர் என்ன என்று கேட்டவர்களிடம் ரியாஸ் துருக்கிப் பேரின் அர்த்தத்தைச் சொல்லிவைத்தான். "இமாம் மயங்கிட்டாரு."

இது லியாகத் அலியின் காதுக்குப் போக இரண்டு நாள்தான் ஆயிற்று. இந்த முறை அவர் தனியாக வரவில்லை. பள்ளிவாசல் இமாமையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஹஜ்ரத், நீங்களே கேளுங்க. ஜோசியத்தை நிறுத்துடான்னா, இமாமை எடுத்து சட்டியில போட்டிருக்கான்!"

ஹஜ்ரத் ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். ரியாஸ் அவர் கையில் சென்ட் ஊற்றினான். அவர் அதை முறையாகத் தடவி முகர்ந்துகொண்டார். பிறகு, "இமாம் எதனால மயங்கினாரு?" என்று கேட்டார்.

"ருசியில மயங்கிட்டாருன்னு சில பேர் சொல்றாங்க, ஹஜ்ரத். பொண்டாட்டி வூட்ல இருந்த எண்ணெய் முழுக்க இதுலயே ஊத்திட்டான்னு கேட்டு மயங்கினாருன்னும் சொல்றாங்க."

"ரெண்டாவதுதான் நிஜமா இருக்கும். இமாமுங்க சம்பளம் எனக்குத் தெரியும்" என்றார் ஹஜ்ரத். "ஒண்ணு கொண்டா, பார்ப்போம்."

கொண்டுவந்து வைத்து, வாழ்த்தைக் குளறிவிட்டு ரியாஸ் ஒதுங்கி நின்றான். தில்லையம்மாள் கூட ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். இமாம் மயங்குகிறாரா என்று அத்தனை பேரும் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். ஹஜ்ரத் அவசரமில்லாமல் சாப்பிட்டார். ரொட்டியால் தட்டைச் சுத்தமாகத் துடைத்தார்.

"மயக்கம் வரல" என்றார். "ஒண்ணு போதல போலிருக்குது. இன்னொண்ணு வெச்சிப் பார்."

சிரிப்பு வெடித்தது. லியாகத் அலி மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தட்டும் முடிந்த பிறகு ஹஜ்ரத் அவர் பக்கம் திரும்பினார்.

"கத்திரிக்காயில ஒரு குத்தமும் இல்ல, லியாகத் பாய். பேர் அந்த ஊர்க்காரங்க வெச்சது. ஆனா இந்தக் கோப்பை விவகாரம் வேணாம். சோறு தெரியுதுன்னு இவன் சொல்றான், சரி. அழுதுக்கினே வர்றவங்க சோறு கேக்கவா வர்றாங்க?"

ரியாஸுக்கு அந்தச் செவிலிமேட்டு அம்மாளின் முகம் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டான். "நிறுத்தத்தான் பாக்கறேன், ஹஜ்ரத். அவங்க நிறுத்த மாட்டேங்கிறாங்க."

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள் கல்லாவிலிருந்து நாஸியா.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அன்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு மேஜைகளுக்கு நடுவே நடமாடினாள். கடைசி வாய் காபி தொண்டையில் இறங்குவதற்குள் கோப்பை பறிபோய் வாளிக்குள் முங்கிவிடும்.

"ஏம்மா, கவுக்கறதுக்குள்ள புடுங்கிக்கினு போறியே! என் கோப்பையில இன்னா இருந்துச்சோ?" என்று தில்லையம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"தண்ணிதாம்மா இருக்குது. பாருங்க" என்று வாளியைக் காட்டினாள் நாஸியா.

வேன் கூட்டம் குறைந்தது. சந்தில் வரிசை நிற்பதும் நின்றுபோயிற்று. ரியாஸ் பயந்தபடி ஹோட்டல் காலியாகவில்லை. தில்லையம்மாள் கோபித்துக்கொண்டு நாலு நாள் வராமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் கத்திரிக்காய்க்காக வந்தாள். பட்டுக்கடைப் பையன்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சால்னா கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ரியாஸ் கோபப்படாமல், இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

ஒரு நாள் சாயங்காலம் லியாகத் அலி தனியாக வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் மூலை மேஜையில் உட்கார்ந்து, கத்திரிக்காய் வாங்கிச் சாப்பிட்டார். ரொட்டியால் தட்டைத் துடைத்தார். ரியாஸ் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்தான். அவர் குடித்து முடித்ததும் இன்னொன்று வைத்தான். அதுவும் முடிந்ததும் மறுபடி ஒன்று.

"என்னடா இது, வந்துக்கினே இருக்குது?"

"அங்கத்து வழக்கம்பா. விருந்தாளி கிளாஸ் காலியா இருக்கக்கூடாது."

போதும் என்றால் ஸ்பூனைக் கிளாஸ் மேல் குறுக்கே வைத்துவிட வேண்டும், அப்போதுதான் நிறுத்துவார்கள். ரியாஸ் அதை அவரிடம் சொல்லவில்லை. லியாகத் அலி முணுமுணுத்தபடியே ஊதி ஊதிக் குடித்தார். கடையில் அத்தர் வாங்க வந்த ஒரு ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போனது. ரியாஸ் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே, நாஸியாவிடம் இன்னொரு டீக்குக் கண்ணைக் காட்டினான்.